வினாவும் வழியும்

திருநெல்வேலியினின்றும் தென்காசி நோக்கி மேற்கே செல்லும் பெருவழியில், கீழப்பாவூரை அடுத்து, பாவூர்சத்திரம் என்னும் ஊர் உள்ளது. சத்திரமாவது வழிச்செல்வார் தங்கி உண்டு இளைப்பாறுதற்கு அறவோர் அமைத்த இடம். வழிச்செல்வார் என்னும் சொல்லுள் இன்ன குலத்தார் என்னும் வரையறை இல்லை. பசியும் வழிநடை வருத்தமும் குலம் நோக்கி வருவன அல்ல. ஆயினும் பழைய சத்திரங்கள் பலவற்றில் ஒரு சாரார்க்கு உள்ளே இலையும், ஒரு சாரார்க்குப் புறத்திண்ணையும், ஒரு சாரார்க்கு வாயிலுக்கு அப்பாலுள்ள மரநிழலுமே கிடைத்தன. சத்திரம் எழுப்பிய அறவுள்ளமும் அப்பகுப்பினை வகுத்த வழக்கமும் ஒரு நெஞ்சின்கண்ணே எவ்வாறு ஒருங்கு தங்கின என்று வினாவினார் அக்காலத்துச் சிலரே.

இவ்வூரின் வழியே 1903-ஆம் ஆண்டில் செங்கோட்டை வரைக்கும், 1904-ஆம் ஆண்டில் மேற்கு மலையைக் குடைந்து கொல்லம் வரைக்கும் இருப்புப்பாதை அமைந்தது. பாண்டி நாட்டையும் மலையாள நாட்டையும் பிணித்த அப்பாதையின் மருங்கிலும் அதன் இரு முனைகளிலும், 1921 முதல் 1934 வரை, சமூகப் பிளவு பற்றிய சில உரையாடல்கள் நிகழ்ந்தன. அவற்றுள் ஒன்று நன்கு முடிந்தது, ஒன்று முறிந்தது, ஒன்று தோற்றும் வென்றது, ஒன்று வாய்ச்சொல்லின்றியே நிகழ்ந்தது. அவை சிவாலயத்தின் வீதியையும் வினைக்கொள்கையையும் பற்றியன ஆதலின், சைவ நன்மக்கள் ஆராயற்பாலன.

ஆராயுமுன் ஒன்று நினைவு கூர்தல் வேண்டும். வாதம் என்பது சைவர்க்குப் புதியதன்று. சிவஞானசித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாய் அமைந்தது. பிறர் கொள்கையை முதலிற் கூறி, அதன் பின்னரே தடை நிகழ்த்துவது அந்நூலின் முறை. மடங்களில் பாடம் கேட்ட மாணாக்கர் பூருவபக்கத்தைக் குறைத்துக் கூறின், ஆசிரியர் அவரை மேற்செல்ல விடார். எதிரி ‘ஆம், யான் கருதுவது அதுவே’ என்று உடன்படும்படி அவன் கொள்கையை எடுத்துரைத்த பின்னரே மறுப்புத் தொடங்கும். இம்முறை சமயவாதத்திற் பேணப்பட்ட அளவு சமூக வழக்கங்களை ஆராய்வதிற் பேணப்படவில்லை. உலோகாயதன் கொள்கையைப் பொறுமையாகக் கேட்டவர், வாயிலின் புறத்தே நின்றவன் குறையைக் கேட்டிலர்.

இனி, முதல் உரையாடல். 1921 செப்டம்பர் 23-ஆம் நாள் காந்தியடிகள் திருநெல்வேலிக்கு வந்திருந்தார். மதுரையில் அரையாடையை மேற்கொண்டதற்கு மறுநாள் அது. திருவிதாங்கூரினின்றும் டி. கே. மாதவன் என்னும் ஈழவத் தலைவர் அவரைக் காண அங்கு வந்தார். ஈழவர்க்கு ஆலயப் பிரவேச உரிமை வேண்டுமென்பது மாதவனாரின் வேண்டுகோள். அதனைக் கேட்ட காந்தியடிகள், ஆலயப் பிரவேசத்தை இப்பொழுது விட்டுவிட்டுப் பொதுக்கிணற்றினின்றும் தொடங்குக, பின்னர்ப் பொதுப்பள்ளிக்குச் செல்க என்று அறிவுரை கூறினார். பெரியோர் ஒருவர் இவ்வாறு கூறிய பின், தலைவணங்கி மீளுதலே பலர் இயல்பு. மாதவனார் அவ்வாறு மீண்டிலர். பிரிட்டிஷ் இந்தியாவிலுள்ள பஞ்சமர் நிலையே எங்கள் நிலையும் என்று தாங்கள் பிழைபடக் கருதுகின்றீர்கள், சில பள்ளிகள் நீங்கலாகப் பொதுப்பள்ளிகள் யாவும் எங்கட்குத் திறந்தே உள்ளன என்று அடக்கத்தோடும் தெளிவோடும் எடுத்துரைத்தார். அது கேட்ட அளவில் காந்தியடிகள் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அங்ஙனமாயின் நீங்கள் ஆலயப் பிரவேசத்துக்குத் தகுதியுற்றுவிட்டீர்கள் என்றார்.

இங்கு வியக்கத்தக்கது எது? நாடு முழுதும் போற்றிய ஒருவர், தாம் அறிந்ததாகக் கருதிய செய்தி தவறென்று அறிந்தவுடன் அதனைக் கைவிட்டமையே. கருத்து மாறுபாட்டால் எழும் பூசல்கள் பலவற்றின் அடியில், செய்தி அறியாமை ஒன்று மறைந்து கிடக்கும். ‘இவர்கள் இன்ன நிலையினர்’ என்று முன்னரே முடிவு கட்டிக்கொண்ட நெஞ்சுக்கு அவர்களிடமே வினவ வேண்டுமென்னும் எண்ணம் தோன்றாது. (தகுதி என்பதனைப் பள்ளிப்படிப்பால் அளத்தல் பொருந்துமா என்பது வேறு வினா. கிணறும் பள்ளியும் இல்லாதார்க்கு இறைவன் திருமுன் செல்லும் உரிமை தள்ளிப்போடத்தக்கதோ என்று மாதவனாரும் அன்று கேட்டிலர்.) திருநெல்வேலியில் விழுந்த இவ்வித்து 1923-ஆம் ஆண்டின் காக்கிநாடா காங்கிரஸில் முளைத்து, 1924 மார்ச் 30-இல் வைக்கத்தில் சத்தியாக்கிரகமாக வெளிப்பட்டது.

வைக்கத்தை நோக்கிச் செல்லுமுன் அதே இருப்புப்பாதையில் சேரன்மாதேவியில் இறங்கிச் செல்லுதல் வேண்டும். அங்கு 1922-ஆம் ஆண்டின் இறுதியில் வ. வே. சு. ஐயர் தமிழ்க் குருகுலம் ஒன்றை நிறுவினார். ஐயர் கம்பனைக் கற்றுத் திளைத்த புலவர். திருக்குறளை ஆங்கிலத்திற் பெயர்த்தவர். நாட்டு விடுதலைக்காகத் துன்பம் பல ஏற்றவர். அத்தகையவர் நடத்திய நிலையத்தில் இரண்டு பிராமணச் சிறுவர்க்குத் தனித்து உணவளிக்கப்பட்டது. பெற்றோர்க்குத் தாம் கொடுத்த வாக்கை ஐயர் பெரிதெனக் கருதினார். பொதுமக்கள் பொருளால் நடக்கும் நிலையத்தில் பிறப்பால் வேற்றுமை காட்டலாகாது என்று டாக்டர் வரதராசலு நாயுடு, ஈ. வெ. இராமசாமி முதலியோர் எதிர்த்தனர். இரு பக்கத்தும் நேர்மை இருந்தது. அஃதிருந்தும் வழக்குத் தீரவில்லை.

தீராமைக்குக் காரணம் யாது? வழக்கு மிக விரைவிற் பத்திரிகைகளுக்கும் மேடைகளுக்கும் சென்றுவிட்டது. நேரில் அமர்ந்து வினவியிருப்பின், ‘வாக்குப் பிறழாமையும் அறம், பந்தி பிரியாமையும் அறம், இரண்டும் முரணுமிடத்து யாது செய்வது’ என்னும் உண்மையான வினா வெளிவந்திருக்கும். மேடையில் அவ்வினாவுக்கு இடமில்லை. அங்கு இவன் சாதி வெறியன், அவன் துவேஷி என்னும் விடைகளே கைதட்டல் பெறும். 1925-இல் காந்தியடிகளிடம் இவ்வழக்குச் சென்றபோது, இருக்கும் இருவரை விடுத்து, இனிச் சேர்வோர் யாவரும் ஒருங்குண்ண உடன்படுவோராதல் வேண்டும் என்னும் இணக்க வழி கூறப்பட்டது. அதற்குள் இரு சாரார் மனமும் இறுகிவிட்டன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஐயர் பாவநாசத்து அருவியில் தம் மகளைக் காப்பாற்றப் புகுந்து உயிர் நீத்தார். பூசல் அவரோடு ஒழியவில்லை. தமிழ்நாட்டு அரசியலில் அது விளைத்த பிளவு பல்லாண்டு நீடித்தது. இரண்டு சிறுவர் உண்ட இலையை முன்னிட்டு எழுந்த இவ்வழக்கைச் சிறிதென எண்ணுதல் கூடாது. சத்திரத்துத் திண்ணையில் நூற்றாண்டுகளாக அடங்கிக் கிடந்த வினாவே அங்கு வாய்திறந்தது.

இனி வைக்கம். அங்குள்ள பெருங்கோயில் சிவபெருமான் கோயில். அக்கோயிலைச் சூழ்ந்த பொது வீதிகளில் ஈழவர், புலையர் முதலியோர் நடத்தலாகாதென்று அறிவிப்புப் பலகைகள் நடப்பட்டிருந்தன. அவ்வீதிகளிற் கிறித்தவரும் முகம்மதியரும் தடையின்றி நடந்தனர். சிவனை வழிபடுவோன் சிவாலய வீதியில் நடத்தலாகாது, வழிபடாதோன் நடக்கலாம் என்னும் இவ்வழக்கத்தின் விந்தை ஒன்றே அதனை மறுத்தற்குப் போதும். முதல் நாள் புலையர் ஒருவரும், ஈழவர் ஒருவரும், நாயர் ஒருவருமாக மூவர் கைகோத்துச் சென்று சிறைப்பட்டனர். தலைவர்கள் சிறைப்பட்டபின் ஈ. வெ. இராமசாமி தமிழ்நாட்டினின்றும் சென்று இருமுறை சிறை புகுந்தார். கடவுட் கொள்கையிற் சைவர்க்கு அவர் முற்றும் மாறுபட்டவரே. எனினும் சிவாலயத்தைச் சூழ்ந்த வீதியில் அடியார் நடப்பதற்காக அவர் சிறையிருந்தார் என்பதனைச் சைவர் மறத்தல் நன்றன்று. அவ்வாண்டு நவம்பரில் மன்னத்துப் பத்மநாபன் தலைமையில் உயர்சாதி இந்துக்களே வைக்கத்தினின்றும் திருவனந்தபுரத்துக்கு நடந்து சென்று, வீதிகளைத் திறக்க வேண்டுமென விண்ணப்பம் அளித்தனர். எம்பெருமாள் நாயுடு தலைமையில் தெற்கினின்றும் ஒரு குழு சென்றது. 1925 பிப்ரவரி 7-இல் சட்டசபையில் அத்தீர்மானம் 22-க்கு 21 என்னும் கணக்கில் ஒரே வாக்கால் தோற்றது.

இந்நிலையிற்றான் 1925 மார்ச் 10-ஆம் நாள் காந்தியடிகள் இண்டந்துருத்தில் நம்பூதிரியைக் காணச் சென்றார். நம்பூதிரி வாரார் ஆதலின் அடிகளே சென்றார். வைசிய குலத்தவர் என்பதனால் அவர் மனையின் உள்ளே அழைக்கப்படவில்லை. புறத்தே அமைந்த மண்டபத்தில் இருத்தப்பட்டார். அவ்வவமதிப்பை அவர் ஒரு பொருட்படுத்தவில்லை. உரையாடல் மூன்று மணி நேரம் அளவில் நடந்தது, எழுதியும் கொள்ளப்பட்டது.

நம்பூதிரியின் பக்கத்தைக் குறைவின்றிக் கூறுவோம். இவ்வழக்கம் ஆசாரியர் வகுத்தது, தொன்றுதொட்டு வருவது. தாழ்ந்த குலத்திற் பிறந்தோர் தம் முன்வினைப்பயனை நுகர்கின்றனர். அந்நுகர்ச்சியைத் தடுக்க மனிதர்க்கு அதிகாரம் இல்லை. இதுவே அவர் கொண்ட பக்கம். அவரை வெறும் கொடியவர் என்று கருதுதல் பிழை. வினைக்கொள்கையை அவர் உண்மையிலேயே நம்பினார்.

காந்தியடிகள் வினைக்கொள்கையை மறுக்கவில்லை. அதனை ஏற்றுக்கொண்டே வினவினார். அவர்கள் வினைப்பயனை நுகர்கின்றனர் என்றே கொள்வோம். இறைவன் தரும் தண்டனையின் மேல் மற்றொரு தண்டனையைக் கூட்டுதற்கு நாம் யார்? யாம் இறைவன் கைக்கருவிகள் என்று நம்பூதிரி விடையிறுத்தார். அங்ஙனமாயின், உம்மைத் துன்புறுத்துதற்கு யாமே இறைவன் கைக்கருவிகள் என்று அவர்கள் கூறின் யாது செய்வீர் என்று அடிகள் திரும்பவும் வினவினார். அவ்வினாவுக்கு நேரான விடை வரவில்லை.

இவ்விடத்துச் சித்தாந்திகள் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். வினை சடம், அது தானே சென்று பயனைக் கூட்டாது. உயிரும் தன் வினைப்பயனைத் தானே தெரிந்தெடுத்து நுகராது. ஆதலின் வினையறிந்து பயன் கூட்டுவிப்பான் இறைவன் ஒருவனே என்பது சைவ சித்தாந்தத்தின் உறுதிப்பாடு. நம்பூதிரியின் கூற்றிலோ, கூட்டுவிக்கும் தொழிலை உயிர்களுள் ஒரு வகுப்பார் தமக்கு உரிமையாக்கிக்கொண்டனர்.

‘பிறரால் வரும் இன்ப துன்பங்களும் நம் வினைவழி வருவனவே அன்றோ? அங்ஙனமாகத் துன்பம் செய்வானைக் கருவி என்றல் யாங்ஙனம் பிழையாம்?’ என ஒரு தடை எழலாம். விடை வருமாறு. துன்பம் நுகர்வான் ‘இஃது என் பிராரத்தம்’ என்று கொள்ளுதல் அவனுக்கு ஆறுதலும் பக்குவமும் ஆம். துன்பம் செய்வான் ‘இஃது அவன் பிராரத்தம்’ என்று கொள்ளுதல் அவனை விடுவிக்காது; அச்செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறும். ஒரே கொள்கை நுகர்வான் வாயில் மெய்யுணர்வாகவும், செய்வான் வாயிற் சூழ்ச்சியாகவும் ஆகின்றது. வினைக்கொள்கையைப் பிறன்மேல் வைத்துப் பேசுதற்கு அஞ்சுக என்பது இதனாற் பெறப்படும். காந்தியடிகள் வைணவ மரபினர். சித்தாந்த நூல்களைப் பாடங்கேட்டவர் அல்லர். அங்ஙனமிருந்தும் மனையின் புறமண்டபத்தில் அமர்ந்து அவர் எழுப்பிய தடை சித்தாந்தியின் தடையே. சைவர் பலர் அத்தடையைத் தம் ஊர்க்கோயில் வாயிலில் எழுப்பாதிருந்தனர் என்பது நாணத்தக்க செய்தி.

அடிகள் வினாவோடு நில்லாது வழிகளும் கூறினார். உயர்சாதியாரிடை வாக்கெடுத்துப் பெரும்பான்மை கருத்தின்படி நடக்கலாம். அன்றேல் இரு பக்கத்தும் பண்டிதரை நிறுத்தி, திவானை நடுவராகக் கொண்டு தீர்ப்புப் பெறலாம். அன்றேல் சங்கராசாரியர் பெயரால் வழங்கும் ஸ்மிருதி மெய்யாகவே அவருடையதா, அது கூறுவது இதுதானா என்று அறிஞர் ஆராயலாம். தம் பக்கம் தோற்பின் அதற்கு அடங்கும் உறுதியோடு அவர் இவற்றைக் கூறினார். எதிர்ப்பக்கத்தார் ஒன்றனையும் ஏற்கவில்லை. ஆராய்ச்சிக்கு உட்பட மறுத்த கொள்கை தன்மேல் தனக்கே நம்பிக்கை இன்மையைப் புலப்படுத்திவிட்டது. உரையாடல் அன்று தோற்றது. ஆயின் அதன் குறிப்பை நாடு முழுதும் படித்தது. 1925 நவம்பரில் கோயிலின் மூன்று பக்கத்து வீதிகள் யாவர்க்கும் திறக்கப்பட்டன. கிழக்கு வீதி அப்பொழுதும் திறக்கப்படாமல் நின்றது.

அதே மார்ச்சு மாதத்தில் காந்தியடிகள் வர்க்கலைச் சிவகிரிக்குச் சென்று நாராயண குருவைக் கண்டார். 1888-ஆம் ஆண்டில் அருவிப்புறத்தில் சிவலிங்கப் பிரதிட்டை செய்தவர் இக்குரு. ‘ஒழிவிலொடுக்கம்’ என்னும் தமிழ் நூலை மலையாளத்திற் பெயர்த்தவரும் இவரே. தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றியவரும் ஆவர். 1924-ஆம் ஆண்டு சிவராத்திரியை ஒட்டி இவர் ஆலுவாயிற் கூட்டிய சர்வமத மாநாட்டின் வாயிலில், இது வாதித்து வெல்லுதற்கன்று, அறிதற்கும் அறிவித்தற்குமே என்னும் கருத்துடைய அறிவிப்பு வைக்கப்பட்டிருந்தது. அம்மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த சர் டி. சதாசிவ ஐயர் என்னும் தமிழர்.

சிவகிரியில் முற்றத்து மாமரத்தைச் சுட்டி, ஒரே மரத்தின் இலைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லையே, மனிதரும் அங்ஙனமே என்று அடிகள் கூறியதாகவும், இலைகள் வேறாயினும் அவற்றின் சாற்றின் சுவை ஒன்றே என்று குரு விடையிறுத்ததாகவும் வழங்குவர். வருணப் பாகுபாட்டை அக்காலத்தில் அடிகள் விடாது பற்றியிருந்தார். பிற்காலத்தில் அப்பற்றுப் படிப்படியே நெகிழ்ந்தமை யாவரும் அறிந்தது. திருநெல்வேலியில் ஒரு செய்திப் பிழையை உடனே திருத்திக்கொண்டவர், கொள்கைப் பிழையைத் திருத்திக்கொள்ளுதற்குப் பல்லாண்டு எடுத்தார். நெஞ்சத்தின் இயல்பு அது.

இனி, இருப்புப்பாதை வழியே மீண்டு மலைக்கு இப்பால் வருவோம். 1934 ஜனவரியில் தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் காந்தியடிகள் குற்றாலத்துக்கு வந்தார். குற்றாலம் திருஞானசம்பந்தர் பாடல் பெற்ற தலம். அங்குள்ள சித்திரசபை ஐந்து சபைகளுள் ஒன்று. அருவியில் ஆடி இன்புறுதற்கு நாட்டின் பல பக்கத்தினின்றும் மக்கள் வருவர். தாழ்த்தப்பட்டோர் அங்கு நீராட இயலாதென அறிந்த அடிகள், அருவியைக் கண்டும் அதில் நீராடாது சென்றார். எவரையும் இழித்துரைத்திலர். மலைமேற் பொழியும் நீர் எவர் குலத்தைக் கேட்டு வீழ்கின்றது என்னும் வினாவினை, நனையாத அவர் உடம்பே அங்கிருந்தாரிடம் கேட்டது.

1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் தம் அரசின் ஆட்சிக்குட்பட்ட கோயில்களை இந்துக்கள் யாவர்க்கும் திறந்தார். அக்காலத்தில் செங்கோட்டை வட்டம் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாளே அது தமிழ்நாட்டோடு இணைந்தது. எனவே எல்லைக்கு மேற்கே அரசுக்கோயிலிற் புகுந்து வழிபடும் உரிமையுடைய ஓர் அடியார், சில கல் தொலைவு கிழக்கே வந்தவுடன் அவ்வுரிமையை இழந்தார். அவர் தீட்டு எல்லைக்கல்லின் எந்தப் பக்கத்தில் இருந்தது? மூன்றாண்டு கழித்து 1939 ஜூலை 8-இல், வைத்தியநாத ஐயர் பி. கக்கன் முதலியோரை உடன்கொண்டு மதுரைத் திருக்கோயிலிற் புகுந்தார். திருநீலகண்ட யாழ்ப்பாணரை ஆலவாய் இறைவன் அடியார் கனவில் ஏவித் தன் திருமுன் அழைப்பித்த அதே மதுரை அது. பெரியபுராணத்தை ஆண்டுதோறும் படித்து இன்புற்ற ஊரார்க்கு அந்நிகழ்ச்சி புதுமையாகத் தோன்றியமையே புதுமை. பின்னர் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணம் முழுதும் கோயில்களைத் திறந்தது.

சட்டம் வாயிலைத் திறக்கும். ஊர்த்தெருவையும் தேநீர்க்கடையையும் அது முற்றும் திறந்துவிட்டதாகக் கூறுதற்கில்லை. 1981 பிப்ரவரியில், தென்காசிக்கு அண்மையிலுள்ள மீனாட்சிபுரத்தில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தார் பலர் ஒரே நாளில் இசுலாம் தழுவினர். மானத்தோடு வாழ்தலையே அவர்களிற் பலர் காரணமாகக் கூறினர். அதன்பின் அரசியல் தலைவரும் சமயத் தலைவரும் அவ்வூர்க்குத் திரண்டு சென்று வினவினர். அவர்கள் மதம் மாறுமுன் அவ்வூர்க்குச் சென்று, உமக்கு யாது குறை என்று வினவிய சைவர் எத்துணையர் என்னும் கணக்கினை யாரும் எடுத்திலர்.

வைக்கத்தில் காந்தியடிகள் புறத்தே இருத்தப்பட்ட இண்டந்துருத்தில் மனை பிற்காலத்தில் கை மாறியது. இன்று அது கள் இறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமாக உள்ளது. அத்தொழிலாளருட் பலர், அன்று அம்மனையை அடுத்த வீதியில் நடக்கக் கூடாதென விலக்கப்பட்ட ஈழவரின் வழிவந்தோர். அவர்கள் கூட்டம் கூடிப் பேசுவது மனையின் உள்ளே.